வக்கீல்கள் ஏன் விளம்பரம் செய்யக் கூடாது? தடையால் மக்களுக்குப் பாதுகாப்பா, பாதிப்பா?

ஹோட்டல் முதல் ஏசி மெக்கானிக் வரை எல்லாவற்றையும் போனில் ரேட்டிங் பார்த்துத்தான் தேர்வு செய்கிறோம். ஆனால் ஒரு சொத்துத் தகராறோ, செக் பவுன்ஸ் வழக்கோ வந்துவிட்டால், "நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்று சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்திலும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யத் தடை இருப்பதே இதற்கு முக்கியக் காரணம். எதற்காக இந்தத் தடை? இதனால் யாருக்கு நன்மை? விரிவாகப் பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் கீழ் இந்திய பார் கவுன்சில் தொழில் நடத்தை விதிகளை வகுத்துள்ளது. அதில் 36-வது விதிப்படி, ஒரு வழக்கறிஞர் சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர் என எந்த வழியிலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்கு தேடக் கூடாது. பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். அதில் 'முன்னாள் நீதிபதி' என்றோ, 'இந்த வகை வழக்குகளில் நிபுணர்' என்றோ போட்டுக்கொள்ள முடியாது.

2008-ல் ஒரு தளர்வு வந்தது. சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், பார் கவுன்சில் பதிவு எண், கல்வித் தகுதி, எந்தெந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் ஆகிய விவரங்களை மட்டும் வெளியிடலாம். கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை.

தடைக்குச் சொல்லப்படும் காரணம் என்ன?

வழக்கறிஞர் தொழில் வியாபாரம் அல்ல என்பதுதான் அடிப்படை வாதம். மும்பை மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் வருகிறவர்களை மறித்து வழக்கு பிடிக்க வக்கீல்கள் முண்டியடித்ததாக எழுந்த புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-ல் தீர்ப்பளித்த நீதிமன்றம், இப்படி ஆள் பிடிப்பது தொழில் ஒழுங்கீனம் என்று கண்டித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சாப்பாடு சரியில்லை என்றால் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். வக்கீல் வாதாடிய விதம் சரியா, தவறா என்று சாதாரண மக்களால் எடைபோடுவது கடினம். "நிச்சயம் ஜெயிச்சுக் கொடுக்கிறோம்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அதை நம்பி ஏமாற வாய்ப்பு அதிகம்.

2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு, ரேட்டிங்கும் கட்டணமும் போடும் ஆன்லைன் தளங்களுக்கு எதிரான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 ஜூலையில் தீர்ப்பளித்த நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, இப்படி விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு ரேட்டிங் கொடுக்கும் போக்கையும் கண்டித்தது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் தங்கள் கட்டணங்களைப் போட்டு 1976-ல் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார்கள். நடவடிக்கை பாய்ந்தது. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், ஒட்டுமொத்தத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதே நேரம், பொய்யான விளம்பரங்களைத் தடுக்கலாம் என்றும் சொன்னது. இங்கிலாந்தில் 1984 முதல் சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்யலாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

விளம்பரம் இல்லாவிட்டால் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்கே வழக்குகள் போகும். அப்பா, தாத்தா யாரும் வக்கீலாக இல்லாத முதல் தலைமுறை இளைஞர் எப்படித் தெரியவருவார் என்பது அவர்களின் கேள்வி. நாலு பேரிடம் கட்டணம் கேட்டு ஒப்பிடவும் மக்களுக்கு வழியில்லை. விளம்பரத்தைத் தடுத்தும் புரோக்கர்கள் ஒழியவில்லை. அவர்களுக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்று 2023-ல் தனியாகச் சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

விதியை எழுதுவது யார்?

சிக்கல் இங்கேதான். மாநில பார் கவுன்சில் உறுப்பினர்களை வழக்கறிஞர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது, தொழிலில் இருப்பவர்களே, புதிதாக வருபவர்களுக்கும் போட்டிக்கும் சேர்த்து விதி போடுகிறார்கள். டாக்டர்கள், ஆடிட்டர்கள் தொழிலிலும் விளம்பரக் கட்டுப்பாடுகள் உண்டு.

இதைப் போட்டி ஆணையம் கேட்க முடியாதா? சட்டப் படிப்புக்கான வயது வரம்பு குறித்த புகாரில் 2021-ல் ஆணையம் பதில் சொன்னது: ஒழுங்குமுறைப் பணியைச் செய்யும்போது பார் கவுன்சிலை ஒரு வணிக நிறுவனமாகக் கருத முடியாது.

ஆனால் நீதிமன்றம் தலையிட்டிருக்கிறது. பல மாநிலங்களில் வக்கீலாகப் பதிவு செய்யவே பல ஆயிரம் ரூபாய் வாங்கப்பட்டது. சட்டத்தில் உள்ளபடி பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்தான் பதிவுக் கட்டணமாக வாங்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வக்கீல் தேடுபவர்கள் என்ன செய்யலாம்?

* பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

* கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

* பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

* வக்கீல் தொழில் ஒழுங்கை மீறினால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். புகார் நிரூபணமானால் கண்டனம், தற்காலிகத் தடை, வக்கீல் பட்டியலில் இருந்தே நீக்கம் வரை நடவடிக்கை எடுக்கலாம்.

பொய் விளம்பரத்தில் இருந்து மக்களைக் காப்பது ஒன்று, தேவையான தகவலே கிடைக்காமல் செய்வது வேறு. கட்டண விவரத்தை வெளியிடவாவது அனுமதி வருமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதுவரை, வக்கீலைத் தேடுபவர்கள் தாங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.