உருளைக்கிழங்கு மூட்டையும் எங்கள் குச்சிக்கிழங்கும்

பரீட்சை முடிந்து ஊருக்கு (ஜேடர்பாளையம்தான், வேறெங்கே) வந்ததும் அம்மா கொடுத்த முதல் வேலை, சாக்கிலிருந்து அழுகிய உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுப்பது. விலை சல்லிசாகக் கிடைத்தது என்று அப்பா ஒரு மூட்டையாக வாங்கி, வெங்காயச் சாக்குக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தார். கால்வாசி போச்சு! அந்தக் கடுப்பில் உட்கார்ந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன் :)

உருளைக்கிழங்கைக் கெடாமல் வைக்கும் கவலை நமக்கு மட்டுமல்ல, அது பிறந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் ராத்திரிப் பனியில் கிழங்கை உறைய விட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, பகல் வெயிலில் காய வைத்தார்கள். சூன்யோ என்று பெயர் (நம்ம ஊர் சூனியம் இல்லை!). அது வருஷக்கணக்கில் கெடாது. நம்ம வத்தல் மாதிரிதான், பனி மட்டும் கூடுதல்.

ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கிழங்கை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள், இந்த வித்தை கூடவே போகவில்லை. 1845ல் அயர்லாந்தில் கருகல் நோய் வந்தபோது, தோண்டும்போது நன்றாக இருந்த கிழங்குகூடக் குழியில் சேமித்து வைத்த பிறகு அழுகிக் கூழாகிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள் என்கிறார்கள். மராத்தியில் இன்னமும் 'பட்டாட்டா' என்பது அந்த வழியில் வந்த பெயர்தான். நம்ம பக்கம் பெயர் வாங்கியவர் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819ல் நீலகிரி ஏறியவர், 1822ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்தார். கூடவே உருளை, கோஸ் என்று ஐரோப்பியக் காய்களையும் போட்டுப் பார்த்தார். நீலகிரியில் வருஷத்துக்கு மூன்று போகம் வருவதால் அங்கே ரொம்ப நாள் சேமிக்க வேண்டிய நெருக்கடி குறைவு. மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும்.

வடக்கே கதை வேறு. பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாக அறுவடை, உடனே கோடை. அதனால்தான் உத்தரப்பிரதேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் அத்தனை குளிர்பதனக் கிடங்குகள். அங்கே கிழங்கு 2 முதல் 4 டிகிரியில் தூங்கும், ஆனால் மாவு சர்க்கரையாக மாறித் தித்திக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதேதான். எடுத்து ஒரு வாரம் வெளியே வைத்தால் தித்திப்பு ஓரளவு குறையும்.

இனிதான் எனக்கு முக்கியமான இடம். உருளை வேர் இல்லை, தண்டு. கண் திறந்து முளைப்பதற்காகவே காத்திருக்கும் உயிர். அதனால் பறித்த பிறகும் சில வாரங்கள் உறங்கும். நம்ம குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அப்படியில்லை. அதை முளைக்க வைப்பது குச்சி, கிழங்குக்குக் காத்திருக்கும் வேலையே கிடையாது. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமாகக் கோடு விழுந்துவிடும்.

இரண்டாம் உலகப்போரில் மலேயா ஜவ்வரிசி நின்றுபோய், 1943 வாக்கில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. அதன் பிறகு நம்ம பக்கக் கிழங்குக்கு ஆலைதான் கிடங்கு. பி.காம் படிப்பவன் மொழியில் சொன்னால், சரக்கு இருப்பு வைக்க முடியாதவனுக்குப் பேரம் பேசும் பலமும் இல்லை. போன வருஷம் அப்பா லோடு கொண்டு போன இடத்தில் பாயிண்ட்டைக் குறைத்துப் போட்டார்கள். "வேண்டாம், திருப்பிக் கொண்டு போறேன்" என்று சொல்ல வழியில்லை. இரண்டு நாளில் யார் வாங்குவார்கள்? உருளை விவசாயி வாடகை கொடுத்தாவது நாலு மாசம் பொறுக்கலாம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இருட்டும் காற்றோட்டமும் வேண்டும், பிளாஸ்டிக் பை கூடாது. வெளிச்சம் பட்டுப் பச்சையானால் சோலனைன் என்ற நஞ்சு கூடும், ரொம்பப் பச்சை என்றால் தூக்கிப் போடுங்கள். கழுவி வைக்காதீர்கள். உருளை கொஞ்சம் ஈரக்காற்றைத் தாங்கும், வெங்காயத்துக்குக் காய்ந்த இடம் வேண்டும், அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள். பழசை முதலில் எடுத்துச் சமையுங்கள் (முதலில் வந்தது முதலில் வெளியே, அக்கவுண்டன்சி முதல் வருஷப் பாடம்!).

மிச்சமிருந்ததை மூங்கில் கூடையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அம்மாயி பார்த்துவிட்டு, "இதைத்தான்டா நான் அன்னைக்கே உங்கப்பன்கிட்ட சொன்னேன்" என்றது.