வெளிமாநிலக் கல்வி உதவித்தொகை: தொகைக்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்கு 2024ஆம் ஆண்டில் ஜார்க்கண்டின் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2016 முதல் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆயினும், இடத்தை உறுதிசெய்யும் கட்டணமான 17,500 ரூபாயைத் தினக்கூலித் தொழிலாளியான அவருடைய தந்தையால் ஜூன் 24 மாலைக் கெடுவுக்குள் செலுத்த இயலவில்லை, இடம் பறிபோனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. 2021இல் மும்பை ஐ.ஐ.டி.யில் கட்டணம் செலுத்த முடியாமல் இடம் இழந்த மற்றொரு தலித் மாணவருக்கும் இதே பிரிவின்கீழ்தான் நீதி கிடைத்தது.

இவ்விரு வழக்குகளும் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. உதவித்தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். வெளிமாநிலத்தில் படிக்க வாய்ப்புப் பெற்ற மாணவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்கிறோம்.

1. அங்கே நம் சாதிச் சான்றிதழ் செல்லுமா?

பட்டியல் சாதிகள் 341ஆவது பிரிவின்கீழ் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதியை உடன் கொண்டுசெல்ல முடியாது என மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டிலும் அம்மாநில அரசின் கட்டணச் சலுகையிலும் நமக்குப் பொதுவாக இடமில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களில் நிலைமை வேறு. எம்மாநிலத்தவராயினும் பட்டியல் சாதி ஒதுக்கீடு உண்டு. ‘அரசு நிறுவனம்’ என்ற பொதுப்பெயருக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு மறைந்திருக்கிறது.

2. யார் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள்?

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாணவரின் சொந்த மாநிலமே வழங்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தாலும் உரிமை போகாது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களுடன் கல்விப் படியும் கிடைக்கும். விடுதியில் தங்கித் தொழிற்கல்விப் பட்டம் படிப்போருக்கு இப்படி ஆண்டுக்கு 13,500 ரூபாய். கலை, அறிவியல் இளங்கலை மாணவருக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500 ரூபாய். வேற்றூர் விடுதியில் உணவுச் செலவுக்கே இது போதாது.

ஒன்றிய அரசின் ‘டாப் கிளாஸ்’ திட்டத்தில் வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணத்துடன் முதலாண்டு 86,000 ரூபாயும் அடுத்தடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் படியாகக் கிடைக்கும். ஆனால் அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் மட்டுமே இது உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. விண்ணப்பிப்போர் மிகுந்தால், சேர்ந்த பட்டியல் சாதி மாணவர்களுக்குள்ளேயே தகுதி வரிசை போடப்படும். தேர்ச்சி தவறினால் உதவி நின்றுபோகலாம். இரு உதவித்தொகைகளையும் ஒருசேரப் பெற இயலாது.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்வோரின் கல்விச் செலவை மாநில அரசு ஏற்கும் என 2022 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் இதையும் ஒப்பிட வேண்டும்.

3. பணம் வரும்வரை யார் தாங்குவார்?

உதவித்தொகை பெரும்பாலும் சேர்ந்த பின்னரே வருகிறது; சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், ரயில் பயணம் ஆகியவை அதற்கு முன்பே வந்து நிற்கின்றன. முன்பணமின்றிச் சேர உதவும் ‘ஃப்ரீஷிப் கார்டு’ போஸ்ட் மெட்ரிக் திட்ட விதிகளிலேயே இருக்கிறது. அதை அந்நிறுவனம் ஏற்கிறதா என்பதைச் சேருமுன் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வையுங்கள். கலந்தாய்வுக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னரே கட்டணத்தை வங்கிக் கணக்கில் வைத்திருங்கள்.

மாணவர் அமைப்புகளும் இயக்கங்களும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கலந்தாய்வு நடக்கும் வாரங்களில், திருப்பித் தரும் ஏற்பாட்டோடு ஒரு சிறு அவசர நிதியை ஆயத்தமாக வைத்திருந்தால், 17,500 ரூபாய்க்காக ஒரு மாணவர் மூன்று மாதம் நீதிமன்றங்களுக்கு அலைய நேராது. கூடவே, பட்டியல் சாதி மாணவர்களிடம் முன்கட்டணமே கேட்கக் கூடாது என்ற கோரிக்கையைச் சேர்க்கை விதிகளில் இடம்பெறச் செய்யப் போராடுவதும் நம் பொறுப்பே.