கோடரி பிடிக்கத் தெரிந்த கை

2019 ஏப்ரல் 15. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் எரிவதை வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கூர்கோபுரம் சரிந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

சில வாரங்களுக்கு முன்புதான் அதே அறையில் பெரிய சண்டை. பதினைந்து வயதுத் தம்பி, தச்சு வேலை படிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். "இதுக்கே நாங்கள் இஞ்ச வந்து கஷ்டப்பட்டது?" என்று அம்மா அழுதார். படிப்பு ஏறாதவன்தான் கைவேலைக்குப் போவான் என்ற எண்ணம். அதற்குள் ஊரிலிருந்து கூடவே வந்த சாதியும் இருந்தது.

எரிந்த கூரையின் மரச்சட்டங்களில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்பிருந்தபடியே கட்டுவது என்று முடிவானது. கூரைக்கும் கோபுரத்துக்கும் சுமார் 2,000 ஓக் மரங்கள் தேவைப்பட்டன. மரம் கிடைத்தது. ஆனால் நடுக்கூடத்துக் கூரையின் உத்தரங்களைக் கோடரியால் செதுக்க வேண்டியிருந்தது. இயந்திர வாள் நேர்கோட்டில் அறுக்கும். வழியில் மரத்தின் நாரையும் துண்டித்துவிடும். கோடரிக்காரரோ நார் போகும் போக்கிலேயே செதுக்குவார். அதனால் உத்தரம் உறுதியாக இருக்கும்.

அந்தக் கைப்பழக்கத்தை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. நல்லகாலம், பர்கண்டியில் கெடெலோன் என்ற இடத்தில் 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். அங்கே கோடரி பழகிய தச்சர்கள் சிலர் நோத்ர தாம் வேலைக்கு வந்தார்கள்.

இதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. பிரான்சில் 'கொம்பஞ்ஞோன்' எனப்படும் கைவினைஞர்கள் ஊர் ஊராகச் சென்று, வெவ்வேறு ஆசான்களிடம் தொழில் பழகுவார்கள். 1791இல் வந்த லு ஷாபெலியே சட்டம் தொழிலாளர் சங்கங்களைத் தடைசெய்தது. அப்படியும் அந்த மரபு அறுந்துபோகவில்லை. 2010இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது. பணம் உலகெங்கும் இருந்து வந்தது. ஆனால் யாரோ ஒரு ஆசான் யாரோ ஒரு பையனுக்கு எப்போதோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திராவிட்டால், அந்தப் பணத்தை வைத்து என்ன செய்திருப்பார்கள்?

தம்பி அங்கே வேலை செய்யவில்லை. புறநகரில் சாதாரண வீடுகளுக்குக் கூரை போடுகிறான். தன் கீழ் வேலை பழக ஒரு பையன் வந்திருக்கிறான் என்று போன மாதம் சொன்னான். "அவனுக்கு ஒழுங்காச் சொல்லிக்குடு" என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை வரலாம். வந்தால், இந்தக் கூரையின் கதையைச் சொல்லுங்கள்.