த பிளேக் கோர்ட் மர்டர்ஸ்

த பிளேக் கோர்ட் மர்டர்ஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜான் டிக்சன் கார் (1906 - 1977), கார்ட்டர் டிக்சன் என்ற புனைபெயரில் எழுதிய துப்பறியும் புதினம் ஆகும். இது 1934 இல் வெளியானது. பூட்டிய அறைக் கொலை வகையைச் சேர்ந்த இப்புதினத்தில்தான் சர் ஹென்றி மெரிவேல் என்ற துப்பறிவாளர் முதன்முதலாகத் தோன்றினார்.

கதைச் சுருக்கம்

இலண்டனில் உள்ள பிளேக் கோர்ட் என்ற பாழடைந்த வீட்டில் லூயி பிளேஜ் என்பவனின் ஆவி உலவுவதாக நம்பப்படுகிறது. இவன் 17 ஆம் நூற்றாண்டில் தூக்கிலிடுபவரின் உதவியாளனாக இருந்தவன். பிளேஜின் குத்துவாள் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்படுகிறது. ஆவிகளுடன் தொடர்பு கொள்வதாகக் கூறும் ரோஜர் டார்வர்த், பேயை விரட்டுவதற்காகப் பின்முற்றத்துக் கல்வீட்டினுள் இரவில் தனியே அமர்கிறார். மணியோசை கேட்டுச் செல்வோர் அவர் குத்துண்டு இறந்து கிடப்பதைக் காண்கின்றனர். கதவு உள்ளே தாழிடப்பட்டும் வெளியே பூட்டப்பட்டும் இருக்கிறது. சன்னல்களில் கம்பிகள் உள்ளன. சுற்றியுள்ள சேற்றில் கொலையாளியின் காலடித் தடம் எதுவுமில்லை. போலி ஆவியுலகவாதிகளை அம்பலப்படுத்துவதில் பெயர்பெற்ற காவல் அதிகாரி மாஸ்டர்சும் திகைக்கிறார். இறுதியில் மெரிவேல் புதிரை விடுவிக்கிறார்.

சிறப்புகள்

கொலை பேயின் செயலே என்று தோன்றுமாறு கதை அமைக்கப்பட்டுள்ளது. எனினும், முடிவு இயற்கைக்கு உட்பட்ட விளக்கத்தையே தருகிறது. இது காரின் பல புதினங்களில் காணப்படும் உத்தியாகும். இதற்கு அடுத்த ஆண்டில் வெளியான த ஹாலோ மேன் என்ற புதினத்தில், பூட்டிய அறைக் கொலைகளின் வகைகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதினார்.