சுடாத வெளிச்சம்

மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. "எம்பேரு மின்னணும்ப்பா" என்றாள். கறுப்பு சார்ட் அட்டையில் பெயரை எழுதி, எழுத்துகள் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, பின்னால் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, நீலம் ஒன்று ஒட்டினேன். 3 வோல்ட் பட்டன் பேட்டரி. சட்டையில் மாட்டும் முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சுடுமாப்பா?"

கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்தக் கதையைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

1907இல் மார்க்கோனி கம்பெனியில் இருந்த ஹென்றி ரவுண்ட், கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்தியபோது அது ஒளிர்வதைப் பார்த்தார். சாணைக்கல் செய்கிற அதே கார்போரண்டம்தான். சின்னக் குறிப்பாக எழுதியதோடு சரி.

1920களில் ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கோரத் வானொலி ஆய்வகத்தில் ஓலெக் லோசெவ் அதே ஒளியைக் கண்டார். அவர் விடவில்லை. அன்றைய பல்பில் இழை பழுக்கக் காய்ந்தால்தான் வெளிச்சம். இதுவும் அப்படித்தானா? சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் ஒரு சொட்டை ஒளிரும் இடத்தில் வைத்துப் பார்த்தார். அது மெதுவாகத்தான் காய்ந்தது. ஆக, இந்த வெளிச்சம் சூட்டிலிருந்து வரவில்லை! 1927இல் கட்டுரை வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தபோது அவருக்கு வயது 38.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்துவிட்டார். பளிச்சென்ற நீலத்துக்கு 1990கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அதற்கேற்ற காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது பெரும்பாடு. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆற்றல் வித்தியாசம் என் அட்டையிலேயே தெரிந்தது. சிவப்புக்கு சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியில் பக்கம் பக்கமாக இணைத்தால் மின்சாரம் முழுக்கச் சிவப்பு வழியாகவே போய்விடுகிறது, நீலம் எரியவே இல்லை. கடைசியில் நீலத்துக்குத் தனி பேட்டரி வைத்தேன். (செய்து பார்ப்பவர்கள் கவனிக்க: பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. திருகாணி போட்ட மூடிக்குள் வையுங்கள்.)

எல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப சுடாது" என்று மாட்டிக்கொண்டாள்.

கண்காட்சியில் ஒரு பையன் விரலை நீட்டித் தயங்கினான். இவள் சொன்னாள்: "தொட்டுப் பாரு, சுடாது. லோசெவ்னு ஒருத்தர் அப்பவே சொட்டு வெச்சுப் பாத்துட்டாரு."