மூன்றின் வாயை அடைத்த வர்ணம்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயல்வெளிகளின் நடுவே அமைந்த ஊர் கிளிவெட்டி. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் இவ்வூர் முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். சொந்த மண்ணுக்குத் திரும்பும் வாய்ப்பு 2015இலிருந்தே அவர்களுக்குப் படிப்படியாகக் கிட்டியது.

செய்தி சேகரிக்க அம்முகாமுக்குச் சென்ற ஒரு நாள், உலருணவு வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பக் கண்டேன். பதிவேட்டில் அவருடைய குடிலின் இலக்கம் 13. கதவுத் தகரத்திலோ அது 18 என்றே தெரிந்தது. எண் வெட்டிய தகட்டை வைத்து வர்ணத்தை விசிறியவர் அவசரப்பட்டிருக்கிறார். தகட்டின் அடியில் வர்ணம் கசிந்து மூன்றின் வாயை அடைத்துவிட்டது.

பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த முதியவர் ஒருவரும் அங்கிருந்தார். "தம்பி, பெயின்ற் தண்ணி மாதிரி. இடுக்கைக் கண்டா நுழைஞ்சிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நீண்ட வரலாறு ஒன்று அடங்கியிருப்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன்.

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவுக் குகையொன்றில், பாறையில் கையை வைத்துச் செந்நிறக் காவியை ஊதிப் பதித்த கைத்தடம் இருக்கிறது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என 2014இல் ஆய்வாளர் அறிவித்தனர். அங்கே கைதான் வெட்டுத்தகடு, வாய்தான் விசிறி. பாறையோடு கை ஒட்டாத இடத்தில் நிறம் உட்புகும். ஆதிமனிதன் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே.

யப்பானியர் இதற்கு வேறு வழி கண்டனர். துணியில் கோலம் பதிக்கும் வெட்டுத்தாளைப் பல அடுக்காக ஒட்டி, பழச்சாற்றின் துவர்ப்பை ஊட்டினர். நம் மீனவர் வலைக்குச் சாயமேற்றிய பனிச்சங்காயின் இனத்தைச் சேர்ந்த பழம் அது. துவர்ப்பேறிய தாள் நீரில் ஊறி நெளியாது. துணியோடு படிந்து நிற்கும். அதன்மேல் இழுத்ததும் நீர்த்த சாயமன்று, தடித்த அரிசிப் பசை. தடித்த பசை எளிதில் ஓடாது.

1870களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் காற்றுத் தூரிகையை உருவாக்கினார். 1890களில் சார்ள்ஸ் பேர்டிக் அதனை மேம்படுத்தி உரிமம் பெற்றார். மூச்சின் வேலையை இயந்திரம் ஏற்றது. பழைய சிக்கலோ பெருகியது. காற்றின் வேகம் மிகுந்தால் தகட்டின் விளிம்பு எழும்பும். நீர்த்த வர்ணம் ஓரத்தில் தேங்கினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இடுக்கு அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முதியவர் சொன்ன பரிகாரங்கள் எளியவை. தகரத்தின் தூசியையும் எண்ணெயையும் துடைத்து, தகட்டை நன்றாகப் படிய வைக்கவேண்டும். சரித்துப் பிடியாமல் நேராகப் பிடித்து, குறைந்த காற்றில், பனி படிவதுபோல் மெல்லிய பூச்சாக விசிறவேண்டும். ஒன்று காய்ந்த பின்னரே அடுத்தது. எல்லாவற்றிலும் நுட்பமானது இது: பின்னணியின் நிறத்தையே முதலில் ஓரத்தில் மெல்ல விசிறவேண்டும். கசிவதானால் அந்நிறமே கசியும், கண்ணுக்குத் தெரியாது. இடுக்கும் அடைபட்டுவிடும். எழுத்தின் நிறம் அதன் பிறகுதான்.

அடுத்த முறை சென்றபோது அந்தக் கதவில் 13 தெளிவாக இருந்தது. வெண்மையை முதலில் விசிறி ஓரத்தை அடைத்து, அதன்மேல் கறுப்பைப் பூசியிருந்தார் முதியவர். கூலி வாங்கவில்லையாம்.

வீடும் வளவும் இழந்தவர்க்கு எஞ்சிய முகவரி அந்த இலக்கம் ஒன்றே. ஒரு நூலளவு வர்ணம் அதனைப் பிறருடையதாக்கிவிடக் கூடும் என்பதை, எழுத்தை நம்பிப் பிழைக்கும் நான் அன்றுதான் உணர்ந்தேன்.