சுடும் சீமெந்துச் சுவருக்குக் கொடி நிழல்: மீள்குடியேறிய வீடுகளுக்கு ஒரு கையேடு

பங்குனி பிறந்துவிட்டால், எங்கள் பெரியமடுவில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் இருப்பவர்கள் குறைவு. வேப்பமர நிழலில் பாயைப் போட்டுக்கொள்கிறோம். இரவு ஒன்பது மணிக்கும் மேற்குப்பக்க அறையின் சுவர் சுடுகிறது. தறப்பாளின் கீழ் கழித்த காலத்தை நினைத்தால், கல்வீட்டைக் குறை சொல்ல வாய் வருவதில்லை. ஆனாலும் குழந்தையும் முதியவரும் நிம்மதியாகத் தூங்க முடியாத வீடு இன்னும் கட்டி முடியாத வீடு என்றே நான் கருதுகிறேன். அந்த மிச்ச வேலையைக் குறைந்த செலவில் செய்ய ஒரு வழி உண்டு. அது சுவருக்கு முன்னால் கொடி படர விடுவது.

இந்த வீடுகள் வந்த விதம்

2008 ஏப்ரலில் மடுத் தேவாலய வளாகம், யூலையில் விடத்தல்தீவு என்று போர்முனை நகர்ந்தபோது மாந்தை மேற்கின் ஊர்கள் வெறுமையாகின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் அதற்கு முன்பே இப்பகுதியை இழந்திருந்தன. 2009 இன் பின்னர் இரு தரப்பினரும் திரும்பியபோது பல வளவுகளில் மிஞ்சியிருந்தது கிணறும் அத்திவாரமும்தான்.

2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி பெருமெடுப்பில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், வடக்கு கிழக்கில் குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. பயனாளிகளே பொறுப்பேற்றுக் கட்டினர். விலைவாசி ஏறியதால் பலர் கடன்பட்டுத்தான் கூரை போட்டனர். பணம் முடிந்த இடத்தில் வேலையும் நின்றது. வெளிப்பூச்சு இல்லாத சுவர், தாழ்வாரம் இல்லாத பக்கம், மரம் இல்லாத முற்றம் என்று மிச்சமானவை எல்லாம் வெயிலைத் தடுக்கும் பகுதிகளே.

வீட்டின் வெக்கை ஒரு சிறிய விடயம் அல்ல என்பதை எங்கள் மக்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உலோகப் பொருத்து வீடுகள் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், செலவு, உறுதி ஆகியவற்றோடு எங்கள் வெயிலுக்கு அவை பொருந்தா என்பதும் ஒரு முக்கிய காரணமாக இருந்தது.

சுவர் ஏன் இரவிலும் சுடுகிறது

சீமெந்துக் கல் வெயிலை உள்வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக வெளிவிடும். மாலையில் மேற்குச் சுவர் வாங்கிய சூடு முன்னிரவில் அறைக்குள் இறங்குவது இதனால்தான்.

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்பது பாகை வடக்கே இருக்கிறோம். நடுப்பகலில் வெயில் பெரும்பாலும் கூரையில் விழுகிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். சுவர்களில் அதிகம் அடிபடுபவை காலை வெயில் வாங்கும் கிழக்கும் பின்னேர வெயில் வாங்கும் மேற்குமே. ஒரேயொரு சுவரைத்தான் மறைக்க முடியும் என்றால் மேற்குச் சுவரை மறையுங்கள்.

கொடி இரண்டு வேலை செய்கிறது. வெயில் சுவரைத் தொடுமுன் இலை அதை வாங்கிக்கொள்கிறது. இலையிலிருந்து ஆவியாகும் நீர் சுற்றியுள்ள காற்றைச் சற்றுக் குளிர்விக்கிறது. இதில் பெரிய பங்கு நிழலுக்குத்தான். அதனால் கொடிக்கும் சுவருக்கும் இடையே அரை அடியாவது இடைவெளி இருக்க வேண்டும். காற்று ஓட வழி இல்லாவிட்டால் ஈரமும் பூச்சியும் தங்கும்.

இது புதிய பழக்கம் அல்ல

நகரத் திட்டமிடலாளர்கள் இதைப் பசுமைச் சுவர் என்கிறார்கள். சிங்கப்பூரின் தேசியப் பூங்காச் சபை 2009 இல் தொடங்கிய மானியத் திட்டம், கட்டடங்களைப் பசுமையாக்கும் செலவில் பாதி வரை வழங்கியது. நெதர்லாந்து நகரங்கள் பலவற்றில், வீட்டுக்காரர் தன் முன்சுவர் ஓரத்து நடைபாதைக் கற்களைக் கழற்றிக் கொடி நட இடமளிக்கப்படுகிறது. அங்குள்ள எம்மவர்கள் இதை நாளாந்தம் பார்த்திருப்பார்கள். எங்களைப் போன்ற உலர் வலயத்தில், தம்புள்ளைக்கு அருகே, ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் திறக்கப்பட்ட கந்தளம விடுதியின் கொங்கிறீற்றுச் சட்டகத்தைக் கொடிகள் மூடியுள்ளன.

ஆனால் வேலியில் முசுட்டையும் கிணற்றடிப் பந்தலில் புடோலும் வளர்த்த எங்களுக்கு இதை எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. வேலியில் இருந்ததைச் சுவர்ப்பக்கம் கொண்டுவருவது மட்டுமே வேலை.

எந்தக் கொடி?

பாகல், புடோல், பீர்க்கு, பயிற்றை ஆகியவை ஐப்பசி மழையோடு விதைத்தால் விரைவில் படர்ந்து கறிக்கும் உதவும். ஆனால் அவை சில மாதங்களில் காய்த்து ஓய்ந்துவிடும். வெக்கை உச்சமடையும் சித்திரையில் பந்தலில் காய்ந்த தண்டுதான் இருக்கும். எனவே அவற்றோடு ஆண்டு முழுதும் நிற்கும் கொடி ஒன்றையும் அதே மழையில் நட வேண்டும்.

- முசுட்டை: இலை வறைக்கும் கஞ்சிக்கும் ஆகும். எங்கள் மண்ணுக்குப் பழகியது.
- கோவை: வறட்சியைத் தாங்கும். வெட்ட வெட்டத் தளிர்க்கும். காயைச் சமைக்கலாம்.
- சங்குப்பூ: அவரைக் குடும்பம் என்பதால் மண்ணையும் வளப்படுத்தும். மெல்லிய கொடி, நெருக்கமாக நட வேண்டும்.
- கொடித்தோடை: அடர்ந்த நிழலும் பழமும் தரும். தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கே ஏற்றது.
- கடதாசிப்பூ: மன்னார்த் தீவின் உப்புக் காற்றுக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கும். முள் உண்டு, யன்னலோரம் வேண்டாம்.

வேரால் சுவரையே பற்றி ஏறும் கொடிகளைத் தவிருங்கள். பூச்சில்லாத கல்லின் இடுக்குகளில் அவை வேர்விடும்.

பந்தலும் தண்ணீரும்

சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. சுவரிலிருந்து இரண்டு அடி தள்றிக் கிளுவை அல்லது சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டு, பெரிய கண் உள்ள பழைய மீன்வலையை அவற்றில் இழுத்துக் கட்டினால் போதும். காய்ந்த தடியைக் கறையான் தின்னும், கதியால் துளிர்த்துத் தானே நிழல் தரும். ஆண்டுக்கு ஒருமுறை அதன் தலையை வெட்டினால் ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். கொடி முழங்கால் உயரம் தாண்டும்வரை அடியில் முள் அடைத்து ஆடுகளிடமிருந்து காக்க வேண்டும்.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய கேள்வி. நடும் குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டைகளை அடுக்கினால் ஈரம் நீண்ட நாள் நிற்கும். பூச்சுப் பூசாத மண் முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்து நிரப்பினால் நீர் மெதுவாகக் கசிந்து வேருக்குப் போகும். நுளம்பு முட்டையிடாதபடி அதன் வாயை மூடி வையுங்கள். குளித்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் விடலாம். சவர்க்கார நீரை ஒரே இடத்தில் தொடர்ந்து விடாமல் மாற்றி மாற்றி விடுவது நல்லது.

மூன்று அச்சங்கள்

முதலாவது பாம்பு. அது நியாயமான அச்சம். அடியில் இரண்டு அடி உயரத்துக்கு இலைகளைக் களைந்து நிலத்தைக் கூட்டி வைத்தால் பாம்பு பதுங்க இடம் இராது. கொடி யன்னலுக்குள்ளோ கூரை ஓட்டுக்கோ போகவிடக் கூடாது. மின்கம்பிப் பக்கம் பந்தலே வேண்டாம்.

இரண்டாவது அத்திவாரம். மேலே சொன்ன கொடிகளின் வேர் அத்திவாரத்தை அசைக்கும் அளவு பருப்பதில்லை. ஆலும் அரசும் சுவரோரம் முளைத்தால் உடனே பிடுங்க வேண்டும்.

மூன்றாவது மண். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகாத நிலத்தில் குழி தோண்ட வேண்டாம். வளவுக்குள்ளேயே என்றாலும் சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

யார் எதைச் செய்யலாம்?

பெரியமடுவில் வளவு பெரிது, மரம் நடவும் இடம் உண்டு. மன்னார் நகரில் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி நிற்கிறது. அங்கே நிழலுக்கு மிஞ்சியிருப்பது சுவரோரத்து ஓரடி மண்தான். எனவே இதன் தேவை நகரிலேயே அதிகம். நகரசபையும் பிரதேச சபைகளும் ஐப்பசிக்கு முன்னர் முசுட்டை, கோவைத் துண்டங்களையும் சங்குப்பூ விதையையும் இலவசமாகக் கொடுக்கலாம். வீதியோரச் சுவர்களின் அடியில் நட அனுமதியும் வழிமுறையும் அறிவிக்கலாம். பாடசாலைகளின் மேற்குச் சுவர்களில் தொடங்கினால் பிள்ளைகள் வழியாக அது வீடுகளுக்குப் போகும். புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, மின்விசிறியோடு ஒரு பந்தலையும் எண்ணிப் பார்க்கலாம்.

கொடி நடுவதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. பாதியில் நின்ற வீடுகளுக்கும் வீட்டுக் கடன்களுக்கும் அது பதில் சொல்லத்தான் வேண்டும். இனிவரும் வீட்டுத்திட்டங்களில் தாழ்வாரத்தையும் மேற்கு நிழலையும் செலவுக் கணக்கிலேயே சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும்.

பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் நீண்டகாலப் பயிர் நடத் தயங்குவதை நான் அறிவேன். காணி உறுதி கைக்கு வராதவர்களின் தயக்கம் இன்னும் ஆழமானது. அவர்கள் பாகலிலும் பயிற்றையிலும் தொடங்கட்டும், ஒரு போகம் நின்றாலும் பலன் உண்டு. உறுதி உள்ளவர்கள் இந்த ஐப்பசியில் மேற்குச் சுவரோரம் ஒரு முசுட்டைத் துண்டை ஊன்றுங்கள். மாரி மழை அதை வேர்பிடிக்க வைக்கும்.